மழைக்கோட்டுக்கு ஐந்து நட்சத்திரம்

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மதிப்புரைகளை மனிதர்கள் எழுதினார்கள். போனில் விரலால் தட்டித் தட்டி, எழுத்துப் பிழையோடு எழுதினார்கள். இதைச் சொன்னால் என் அலுவலகத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். எனக்கு அந்த மதிப்புரைகள் மேல் ஒரு பாசம் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு மிக்சி வாங்குவதென்றால் அப்பா ஒரு வாரத்துக்குப் போனும் கையுமாகத் திரிவார். சாப்பிடும்போது எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். ‘பொருளை இன்னும் பிரிக்கவில்லை, அட்டைப்பெட்டி நன்றாக இருக்கிறது, ஐந்து நட்சத்திரம்.’ ‘கொண்டுவந்து கொடுத்த தம்பி மரியாதையாகப் பேசினார், ஐந்து நட்சத்திரம்.’ குக்கருக்கு மதிப்புரை எழுதிய ஒரு பெரிய மனிதர் மகளின் கல்யாணப் படத்தைப் போட்டிருந்தார். படத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சீர்வரிசை மூலையில் அந்தக் குக்கர் இருந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“ஒரு நட்சத்திரம் போட்டவங்களை மட்டும் படிங்க. வயித்தெரிச்சல்ல எழுதறவங்க பொய் சொல்ல மாட்டாங்க. தப்புந்தவறுமா எழுதியிருந்தா இன்னும் நம்பலாம்” என்பாள் அம்மா.

அம்மாவின் கணக்கு ரொம்ப நாள் செல்லுபடியானது. அப்புறம் கூலிக்கு எழுதுகிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எந்திரங்கள் வந்தன. அவை லட்சக்கணக்கில் எழுதித் தள்ளின. வயிற்றெரிச்சலோடும் எழுதின, எழுத்துப் பிழையோடும் எழுதின. அம்மா ஒருநாள் போனை மேசையில் வைத்துவிட்டு, “இதுல ஒருத்தர் கூட ஆள் இல்லை” என்றாள். அதற்குப் பிறகு அவள் எதையும் படிக்கவில்லை. ஊரில் யாருமே படிக்கவில்லை.

அந்த இடத்தில்தான் மெய்யுரை வந்தது. நான் வேலை பார்க்கும் நிறுவனம் அது. அவினாசி ரோட்டில் கண்ணாடிக் கட்டடம். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற சின்ன வில்லையை ஜனங்கள் ‘பொட்டு’ என்றுதான் சொல்கிறார்கள். பொட்டை ஒட்டிக்கொண்டு ஒருவர் பொருளைப் பயன்படுத்துவார். அந்த நேரத்தில் அவர் தோலுக்கும் காதுக்கும் மூக்குக்கும் மனசுக்கும் என்ன தெரிந்ததோ அது அப்படியே பதியும். வாங்க நினைக்கிறவர் தன் பொட்டை ஒட்டிக்கொண்டால், அதே உணர்வு கொஞ்ச நேரம் அவருக்கும் வரும். எழுத்து கிடையாது, பேச்சு கிடையாது. நட்சத்திரத்தை மட்டும் பழைய பழக்கத்துக்காக விட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு பதிவையும் யாராவது ஒரு மனிதர் உணர்ந்து பார்த்து, நடிப்பு இல்லை, பொய் இல்லை என்று முத்திரை போட வேண்டும். அந்த முத்திரைக்காரர்களில் நான் மூத்தவள். பொய்யை நான் சுலபமாகக் கண்டுபிடிப்பேன். பிடிக்காத சோப்பைப் பிடித்ததாகக் காட்டுகிறவருக்கு அடிவயிற்றில் ஒரு இறுக்கம் இருக்கும். அது என் அடிவயிற்றுக்கும் வந்துவிடும்.

போன தென்மேற்குப் பருவத்தின்போது அந்த மழைக்கோட்டு என்னிடம் வந்தது.

அது பழைய மாடல் ரெயின்கோட். நாற்பது வருடத்துக்கு முன் ஸ்கூட்டர்காரர்கள் போட்டது. ஓட்டுகிறவர் தலையை நுழைத்துக்கொள்ள, பின்பக்கம் ஒரு போர்வை மாதிரி நீண்டு பின்னால் உட்காருகிறவரையும் மூடும். இப்போது பழசுக்குத்தானே மவுசு? ஒரு கம்பெனி அதே அச்சில் மறுபடி போட்டிருந்தது. மதிப்புரை தந்தவர் கோகுலகிருஷ்ணன், வடவள்ளி. வயது எழுபதுக்குப் பக்கம்.

பொட்டை ஒட்டினேன். முதலில் ரெக்சின் வாசனை வந்தது. காது இரண்டிலும் மழை படபடவென்று அடித்தது, அதற்கடியில் தொண்டையில் ஒரு லேசான அதிர்வு. முன்னால் லாலி ரோடு, அந்தக் காலத்து மஞ்சள் விளக்குகளோடு தண்ணீரில் கலங்கிக் கிடந்தது. முகமெல்லாம் குளிர். ஆனால் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சூடு. ஈரமும் சூடுமாக, சட்டைக்குள் மெல்ல மெல்லப் பரவியது. யாரோ கோட்டுக்குள் தலையை விட்டு, முதுகில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார்கள். உலகத்தில் இனி ஒரு கெடுதலும் நடக்காது என்று நெஞ்சு நிறைந்து போனது.

எனக்கு அப்படி யாரும் முதுகில் சாய்ந்ததில்லை. நான் கட்டிக்கொண்டவர் கார் வைத்திருந்தார். கொஞ்ச நாளில் அதை ஓட்டிக்கொண்டே போய்விட்டார். பொட்டை எடுத்தபோது என் கண் கலங்கியிருந்தது. பொய் எங்கேயும் இல்லை. முத்திரை போட்டேன்.

கோட்டு விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. வாங்காதவர்கள்கூட அந்த மதிப்புரையை உணர்வதற்கென்றே வந்தார்கள். பிரிந்து இருந்தவர்கள் வந்தார்கள், துணையை இழந்தவர்கள் வந்தார்கள், கல்யாணமே ஆகாத பிள்ளைகளும் வந்தார்கள். மதிய இடைவேளையில் நானும் போவேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் லாலி ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன்.

பிறகு புகார்கள் வர ஆரம்பித்தன. கோட்டின் பின்வால் வண்டிச் சக்கரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொள்கிறது. ஒண்டிப்புதூரில் கல்லூரிப் பெண் ஒருத்தி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். நான் அவளைப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“ரிவ்யூல பயமே தெரியலைங்க ஆன்ட்டி. பின்னாடி யாரோ எல்லாத்தையும் பாத்துக்கற மாதிரியே இருந்துச்சு. அதான் நானும் கவனிக்காம ஓட்டிட்டேன்” என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. நேராக மேலாளர் ஆதிரன் அறைக்குப் போனேன். என் தம்பி மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு.

“அந்தப் பெரியவர் பொய் சொன்னாரா மேடம்?”

“இல்லை.”

“நடிச்சாரா?”

“இல்லை. ஆனா அது கோட்டோட மதிப்புரை இல்லை ஆதிரன். அவர் சம்சாரத்தோட மதிப்புரை. முப்பது நாப்பது வருஷம் பழைய ஞாபகம். அதை வடிகட்டத்தானே நம்ம மெஷின்ல வடிகட்டி இருக்கு?”

ஆதிரன் நாற்காலியைக் கொஞ்சம் ஆட்டினார். “வடிகட்டியைக் கொஞ்சம் லூஸ் பண்ணியிருக்கோம். எல்லாத்தையும் வடிகட்டினா ரெயின்கோட்ல என்ன மேடம் மிச்சம்? பிளாஸ்டிக்தான். வெறும் பிளாஸ்டிக்கை யாரு வாங்குவா? ஞாபகத்தோட கொடுத்தா வாங்கறாங்க. அதுவும் உண்மைதானே?”

“ஒரு பொண்ணு கை ஒடிஞ்சு கிடக்குது.”

அவர் நாற்காலியை ஆட்டுவதை நிறுத்தினார். கெட்டவர் இல்லை. “நீங்க போட்ட முத்திரை, நீங்களே எடுக்கலாம். ஆனா சட்டம் தெரியுமில்ல? முத்திரை போனா பதிவும் போயிரும். அவருகூட ஒரு நகல் வெச்சுக்கக் கூடாது. நேர்ல பாத்துச் சொல்லிட்டு அப்புறம் எடுங்க” என்றார்.

அந்தச் சட்டம் கள்ளப் பதிவுகளுக்குப் பயந்து போட்டது. முத்திரையில்லாத உணர்வு யார் கையிலும் இருக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் வடவள்ளிக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அது நல்லதாகப் படவில்லை. மனைவியை இழந்த ஒரு மனிதரிடம் போய், மிச்சமிருக்கும் அந்த முதுகுச் சூட்டையும் பிடுங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். வெளியே ஆடிக் காற்றோடு சாரல் அடித்தது. அம்மாவும் ஞாபகத்துக்கு வந்தாள். எழுத்தில் யாரும் பொய் சொல்லலாம் என்றிருந்த காலத்தில் அவள் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டுப் படித்தாள். உணர்வில் பொய் சொல்ல முடியாது என்று ஆனதும் நாங்கள் சந்தேகப்படுவதையே விட்டுவிட்டோம்.

கதவைத் திறந்தவரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கோகுலகிருஷ்ணன் வீட்டுக்குள்ளேயே ரெயின்கோட்டைப் போட்டிருந்தார். காதோரத்தில் பொட்டு.

“வாங்க அம்மணி, உக்காருங்க. மெய்யுரையில இருந்துங்களா? சந்தோஷமுங்க” என்று சுவரோரத்துக் கட்டிலைக் காட்டினார். கோட்டைப் பார்த்தபடி நான் நிற்பதைக் கண்டு கூச்சப்பட்டார். “இதைப் போட்டுட்டுப் பாத்தா இன்னும் நல்லாத் தெரியுதுங்க. மத்தியானம் ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. வேற ஒண்ணுமில்லைங்க.”

அப்போது சமையலறையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “யாருங்க வந்திருக்கறது?”

தங்கையாக இருக்கும், அல்லது சமையலுக்கு வருகிறவராக இருக்கும் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்ற அம்மாளைக் கோகுலகிருஷ்ணன் பெருமையோடு காட்டினார்.

“இவதானுங்க சிந்துஜா. பின்னாடி உக்காந்திருக்கறது இவதான்.”

நான் அவரையே வெறித்துப் பார்த்தேன். சிந்துஜா அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

“நான் செத்துப் போயிட்டேன்னு நெனச்சுட்டீங்களா? எல்லாரும் அப்படித்தாங் கண்ணு நெனைக்கறாங்க. போன மாசம் ஒரு பையன் இவருக்கு ஆறுதல் சொல்றதுக்குன்னு போன் பண்ணான். போனை எடுத்ததே நான்தான். நானும் சரிப்பா, தைரியமா இருக்கச் சொல்றேன்னுட்டு வெச்சுட்டேன்.”

மூவரும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அந்த வீட்டின் கோலம் என் கண்ணில் பட்டது. கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. அதன் கைப்பிடி தேய்ந்திருந்தது. இன்னொரு நாற்காலி சமையலறை வாசலில் கிடந்தது. இருவரும் ஒரே வீட்டில் இரண்டு பக்கமாக உட்கார்ந்து பழகியிருந்தார்கள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். பின்வால் சக்கரத்துக்குள் போவதை, அந்தப் பெண் விழுந்ததை, முத்திரையை எடுத்தால் பதிவே போய்விடும் என்பதை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கோகுலகிருஷ்ணன் முகம் வெளுத்துவிட்டது.

“அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்குதுங்க இப்ப?”

“தேறிட்டு வருதுங்க.”

“கோட்டு அப்படிப் பண்ணுமுன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. நான் எத்தனை வருஷம் போட்டு ஓட்டியிருக்கேன், ஒருநாளும் வாலு சக்கரத்துல சிக்குனதில்லை.”

“சிக்கத்தான் சிக்கும்” என்றார் சிந்துஜா அம்மா.

கணவர் திரும்பிப் பார்த்தார்.

“சக்கரத்துக்குள்ள போகத்தான் போகும். அப்பவே அப்படித்தான். நான் ஒரு கையில கோட்டு வாலைச் சுருட்டிப் புடிச்சுக்குவேன், இன்னொரு கையில துப்பட்டா. வீடு வந்து இறங்கறப்ப வெரலெல்லாம் மரத்துக் கிடக்கும்.”

“நீ சொல்லவே இல்லியே சிந்து.”

“எதுக்குச் சொல்றது? வண்டி ஓடிட்டுத்தான இருந்துச்சு.”

நான் பதினெட்டு வருடமாக முத்திரை போடுகிறேன். ஒருவர் பொருளைப் பற்றி உண்மையாகவே நல்லதை உணர்ந்தால் பொருளும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பியே போட்டிருக்கிறேன். அந்த நல்லதுக்குப் பின்னால் இன்னொருவர் விரல் மரத்துப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒண்டிப்புதூர்ப் பெண்ணுக்குப் பின்னால் அப்படிப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

“அப்ப எடுத்துத்தான் ஆகோணுமுங்களா?” என்று கேட்டார் கோகுலகிருஷ்ணன். “அம்மணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்குச் சொந்த ஞாபகமுன்னு இப்ப எதுவும் இல்லைங்க. இதைப் பாத்துப் பாத்து, அது போயிருச்சு. பொட்டை எடுத்துட்டு யோசிச்சா லாலி ரோடுன்னு ஒரு பேருதான் வருது. சூடு வர்றதில்லை. அது இதுக்குள்ளதான் இருக்குது.”

“அது அப்படித்தாங்க ஆகும். ஒவ்வொரு தடவை பதிவை உணரும்போதும் அது உங்க ஞாபகத்து மேலயே போய் உக்காந்துக்கும். கடைசியில அடியில இருந்தது மறைஞ்சுரும். பதியறதுக்கு முன்னாடி இதை உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லலை” என்றேன்.

“இது போச்சுன்னா அன்னிக்கு நடந்ததே இல்லைன்னு ஆயிருமுங்க. என் ஆயுசுலயே நல்ல நாளு அதுதான்.”

சிந்துஜா அம்மா சமையலறை வாசலிலேயே நின்றிருந்தார். “என்ன கண்ணு அது, அப்படி என்னதான் இருக்குது அதுக்குள்ள?” என்று என்னிடம் கேட்டார்.

“நீங்க உணர்ந்து பாத்ததே இல்லீங்களா?”

“எனக்கு எதுக்கு? நான் அங்கதான இருந்தேன்.” பிறகு ஒரு எட்டு முன்னால் வந்து, “கொடுங்க, போறதுக்குள்ள ஒருக்கா பாத்துடறேன்” என்றார்.

என் பையிலிருந்த பொட்டை அவர் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நரை முடி காற்றில் அலைந்தது. முதலில் புருவம் சுருங்கியது, மழை அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. எனக்கு அந்தச் சந்தோஷம் அத்துபடி. எந்த இடத்தில் என்ன வரும் என்று தெரியும். ஆனால் முதுகுச் சூடு வருகிற இடத்தில் அவர் உதடு நடுங்க ஆரம்பித்தது.

பொட்டை அவரே கழற்றினார். கணவரைப் பார்த்தார்.

“இத்தனை சந்தோஷமாவா இருந்தீங்க அன்னிக்கு?”

அவர் தலையாட்டினார்.

“எனக்குத் தெரியவே தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. எப்பவும் போல வண்டியை ஓட்டிட்டு வந்தீங்கன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆனா அந்தச் சூடு இருக்குதுங்கல்ல முதுகுல. அது நான் அழுதது.”

கோகுலகிருஷ்ணன் புரியாமல் பார்த்தார். “மழைத் தண்ணியில்லையா அது, கோட்டுக்குள்ள எறங்கி...”

“மழைத் தண்ணி சூடாவா இருக்கும்?”

வெளியே சாரல் ஜன்னல் கம்பியில் பட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது.

“அன்னிக்குத்தான காந்திபுரத்துல இருந்து போன் பண்ணி, வெளியூர்ல கெடைச்சிருந்த அந்த வேலைக்கு வரலைன்னு சொன்னேன்? நீங்க வண்டிகிட்ட நின்னுட்டு இருந்தீங்க. நான் வந்து, சொல்லிட்டேன்னு சொன்னேன். நீங்க கோட்டை எடுத்து விரிச்சீங்க. உள்ள தலையை விட்டதும் எனக்கு அழுகை வந்துருச்சு. மழைச் சத்தத்துல கேக்காதுன்னு நல்லா அழுதேன். லாலி ரோடு தாண்டற வரைக்கும் அழுதேன்.”

“நான் போக வேண்டாமுன்னு சொல்லலியே சிந்து.”

“சொல்லலை. யாருமே சொல்லலை. நான்தான் முடிவு பண்ணேன். அதுல எனக்கு வருத்தமும் இல்லை, நல்லாத்தான் இருந்தோம். ஆனா அன்னிக்கு அழுதேன்.”

கோகுலகிருஷ்ணன் ரெயின்கோட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நீ அழுதப்ப நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?” என்று கேட்டார்.

“பாடிட்டு வந்தீங்க.”

சிந்துஜா அம்மா சொன்ன விதத்தில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. லட்சம் பேருக்கு ஆறுதல் கொடுத்த சூடு அது. அதைச் சுகம் என்று நினைத்துத்தான் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நானும் ஓடியிருக்கிறேன். உணர்வு பொய் சொல்லாது என்று எங்கள் கட்டட வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். அது பொய் சொல்லாதுதான். தன் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

கோகுலகிருஷ்ணன் எழுந்து நின்று கோட்டைத் தலை வழியாகக் கழற்றினார். மடிக்கத் தெரியாமல் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

“எடுத்துருங்க அம்மணி. அழறவளை முதுகுல வெச்சுட்டு நான் பாடுனதை ஊரே அனுபவிச்சுட்டு இருக்குது. போதுமுங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்க. எடுத்தா திரும்ப வராது.”

“வர வேண்டாமுங்க.”

நான் சிந்துஜா அம்மாவைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்திரையை எடுத்தேன். காரணம் கேட்டது என் பையிலிருந்த முத்திரை எந்திரம். பொய், நடிப்பு, மிகை என்று அதற்குத் தெரிந்தவை மூன்றே காரணங்கள். எதுவும் பொருந்தவில்லை. பொருளில் குறை இருக்கிறது, பின்னால் ஆள் இல்லாமல் ஓட்டினால் ஆபத்து என்று வாய்விட்டுச் சொன்னேன். வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு மதிப்புரையை வார்த்தையில் சொன்னேன். அது ஏற்றுக்கொண்டது. லாலி ரோடும் மஞ்சள் விளக்கும் மழையும் போய்விட்டன.

கோகுலகிருஷ்ணன் காதோரத்துப் பொட்டை உரித்து எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

“ஒண்ணும் வரலை” என்றார். பயந்த குழந்தை மாதிரி இருந்தது அவர் முகம்.

சிந்துஜா அம்மா சமையலறை வாசலில் இருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் களைத்திருந்தார். நான் கோட்டைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்ப எழுந்தேன். அப்போதுதான் கோகுலகிருஷ்ணன் கேட்டார்.

“அந்த வேலை எந்த ஊருல சிந்து? ஐதராபாத்துங்களா?”

மனைவியை அவர் ‘ங்க’ போட்டுக் கேட்டது எனக்கு வினோதமாக இருந்தது. யாரோ புதிதாக அறிமுகமானவரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

“விசாகப்பட்டினம்” என்றார் சிந்துஜா அம்மா. “கப்பல் கம்பெனி. இன்டர்வியூவுக்கு நானும் எங்கண்ணனும் போயிட்டு வந்தோமில்ல.”

“ஆபீஸ்ல இருந்து கடல் தெரியுமா?”

“தெரியும். நான் உக்கார வேண்டிய மேசையைக் காட்டினாங்க. பக்கத்துலயே ஜன்னல். ஒரு பெரிய கப்பல் வெளிய போயிட்டு இருந்துச்சு. அது கண்ணுக்கு மறையற வரைக்கும் நின்னு பாத்தேன். எங்கண்ணன்தான் ரயிலுக்கு நேரமாச்சுன்னு இழுத்துட்டு வந்தான்.”

கோகுலகிருஷ்ணன் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்த தன் நாற்காலியைத் தூக்கி, மனைவிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“கப்பல் என்ன நிறம்?” என்று கேட்டார்.